பதினேழாம் டிஸ்க்கில் ஒரு வலது கை

லோசாராங் வட்டாரத்தில் கல்யாண வீடு என்றால் காலை எட்டு மணிக்கெல்லாம் ஸ்பீக்கரில் பாட்டு கேட்டாக வேண்டும். எட்டு மணிக்குப் பாட்டு கேட்க வேண்டுமானால் வர்னிதி நாலரைக்கு எழுந்தாக வேண்டும்.

சுபுஹு தொழுதுவிட்டு உலை வைப்பாள். கணவன் தஸ்கிமை எழுப்பி உட்கார வைத்து, வெந்நீர் கலந்து குளிப்பாட்டுவாள். சட்டை போடும்போது விளங்காத வலது கையை முதலில் நுழைக்க வேண்டும், பிறகுதான் இடது கை. கழற்றும்போது நேர்மாறாக. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் வருடமே தைவானுக்கு வீட்டு வேலைக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு கிழவரை ஆறு வருடம் இதே வரிசையில் குளிப்பாட்டி உடுத்திவிட்டவள் அவள். கிழவர் கண்ணை மூடியதும் ஊர் திரும்பினாள். இனிமேல் யாரையும் தூக்கி உட்கார வைக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தைவான் சம்பளத்தில் வந்ததுதான் கீபோர்டு. அதுவரை தஸ்கிம் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவில் குழல் ஊதிக்கொண்டிருந்தான். கீபோர்டு வந்தபின் ஏழு பேர் தேவைப்படவில்லை. ஒரு பெட்டி, ஒரு ஆள், பாட ஒரு பெண், இரண்டு பெரிய ஸ்பீக்கர். கச்சேரி ஆயிற்று. தாளம், பாஸ், கிட்டார் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்தே வரும். தஸ்கிம் இடது கையால் சுருதி பிடித்து, வலது கையால் குழல் சத்தத்தை வாசிப்பான். கட்டைகளில்தான் வாசிக்கிறான் என்றாலும் கேட்பவர்கள் மூங்கில் குழல் என்று சத்தியம் செய்வார்கள். ஊதிப் பழகியவன் என்பதால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டியில் ஒரே ஒரு குறை. அதற்குச் சொந்த ஞாபகம் கிடையாது. கரண்ட் போனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் செய்த பாட்டை ஃப்ளாப்பி டிஸ்க்கில் எழுதி வைக்க வேண்டும், வேண்டும்போது டிஸ்க்கை வலது ஓரத்து வாயில் செருகி ஏற்ற வேண்டும். ஒரு டிஸ்க்கில் ஆறேழு பாட்டு. தஸ்கிம் வீட்டில் சும்மா இருக்கும் பகல்களில் பாட்டுகளை முழுதாக வாசித்துப் பதிந்து வைப்பான். மேடையில் ஒரு வாய் காப்பி குடிக்க, ஒரு சிகரெட் பற்றவைக்க, பெட்டியைத் தானாகப் பாடவிட்டு நகர்ந்துகொள்ள அது உதவும். அவ்வளவுதான் அவன் நினைத்தது.

ஆள் அவசரக்காரன் வேறு. பாட்டுக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் வைக்க வேண்டும் என்று பெட்டி கேட்கும். யோசித்து வைக்க அவனுக்குப் பொறுமை ஏது? ‘புதுசு’ என்று வைப்பான். அடுத்ததற்கு ‘புதுசு2’. ‘முயற்சி’, ‘முயற்சி3’, வெறும் ‘ஆஆஆ’. எந்த டிஸ்க்கில் எந்தப் பாட்டு என்று அவன் தலைக்குள் மட்டும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு அறுவடை மாதத்தில், கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். வாய் கோணி, வலது கை தொங்கிப்போயிற்று. ஆறு மாதத்தில் வாய் ஓரளவு திரும்பியது, கால் இழுத்து இழுத்து நடக்க வந்தது. கை வரவில்லை.

யோசனை சொன்னது நெங்சி. தஸ்கிமோடு ஒன்பது வருடமாகப் பாடுகிறவள், இரண்டு பிள்ளைக்காரி, எதையும் சத்தமாகத்தான் சொல்வாள். ஊரில் மற்றவர்களைப் போல அவளுக்கும் தஸ்கிம் ‘மாங்’, அதாவது மாமா; வர்னிதி ‘யாயு’, அதாவது அக்கா.

“மாங், நீங்க வாசிச்சதெல்லாம் அந்த டிஸ்க்குக்குள்ளதான இருக்கு? பட்டனை அமுக்கினா அது பாட்டுக்குப் பாடப் போகுது. நீங்க பக்கத்துல உக்காந்து இடது கையால எதையாவது தடவிட்டு இருங்க. யாயு டிஸ்க்கை மாத்தட்டும். நான் பாடுறேன். வீட்ல படுத்துக்கிட்டு ஓட்டை எண்ணி என்ன ஆகப் போகுது?”

அப்படித்தான் வர்னிதி கையில் ஐம்பத்திரண்டு டிஸ்க்குகள் வந்து சேர்ந்தன.

முதல் மாதம் முழுக்க அவள் செய்த வேலை, ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு பாட்டாக ஏற்றிக் கேட்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதியதுதான். முந்நூற்றுச் சொச்சம் பாட்டில் நூற்றுநாற்பதில்தான் அவன் வலது கை முழுதாக இருந்தது. மற்றவற்றில் தாளமும் பாஸும் மட்டும். அந்த நூற்றுநாற்பதுக்கும் நோட்டில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தாள். சிவப்புப் புள்ளி வைத்த டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பி எடுத்தாள். டிஸ்க்கின் மூலையில் ஒரு சின்னத் தாழ் உண்டு, அதைத் தள்ளிவிட்டால் அதன்மேல் யாரும் எதையும் எழுத முடியாது. அதையும் தள்ளி வைத்தாள். மழைக்காலத்தில் டிஸ்க்குக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதற்காக அரிசியை வறுத்து, துணி முடிச்சில் கட்டி, டப்பாவுக்குள் போட்டு வைப்பாள். பத்து நாளைக்கு ஒருமுறை முடிச்சைப் பிரித்து அரிசியை மறுபடி வறுக்க வேண்டும்.

குளிப்பாட்டுவதும் சமைப்பதும் துவைப்பதும் மேடையில் நிற்பதும் போக இது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த டிஸ்க்கை எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். பெட்டி அதைப் படித்து முடிக்க இருபது விநாடி ஆகும், அந்த இருபது விநாடிக்கு நெங்சி கூட்டத்தைச் சிரிக்க வைப்பாள். ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும், முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். முகத்துக்கு நேராக யாரும் பேசுவதில்லை, குடித்தவர்களைத் தவிர. அந்த பெசார் மாதத்தில், தொடர்ந்து ஆறாவது கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவன் மேடையோரம் வந்து நின்று தஸ்கிமின் மடியில் கிடந்த கையையே பார்த்தான்.

“என்ன மாங், பெட்டி தானா பாடுது? அப்ப நீங்க எதுக்கு, காத்தாடி மாதிரி காத்து வாங்கவா?”

நெங்சி மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “ஏங்க, உங்க வீட்டு வாத்துக்கூட தானாத்தான் முட்டை போடுது. நீங்க எதுக்கு இருக்கீங்கன்னு நாங்க கேட்டமா?”

பந்தலே சிரித்தது. தஸ்கிமும் சிரித்தான். வர்னிதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இருபத்தெட்டாம் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பெசார் மாதம் அப்படித்தான். நல்ல நாள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், ஊரில் பாதிப் பேர் அந்த மாதத்தில்தான் கட்டிக்கொள்வார்கள். அந்த வருடம் மழையும் அதே மாதத்தில்தான் வந்தது. ஆறு கல்யாணம் முடிந்து ஒரு நாள் ஓய்வு வந்தது, செவ்வாய்க்கிழமை. வியாழனன்று ஹாஜி துராக்மன் வீட்டில் அவர் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். ஹாஜி இரண்டு தடவை ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது தஸ்கிமின் குழல்தான் வாசிக்க வேண்டும் என்று.

‘தஸ்கிமின் குழல்’ என்று ஊர் சொன்ன அந்தப் பாட்டு அவனே கட்டியது. வாய்ப்பாட்டு கிடையாது, வெறும் குழல், நாலு நிமிடம். டிஸ்க்கில் அதன் பெயர் ‘முயற்சி3’. பதினேழாம் டிஸ்க். அதற்கு எடுத்திருந்த ஒரே காப்பி போன மாதம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. பதினேழாம் டிஸ்க்கும் சுழலும்போது கரகரக்க ஆரம்பித்திருந்தது. அதனால் ஓய்வு நாளில் வர்னிதி அதைப் புது டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்தாள்.

வேலை பெரிதல்ல. பழைய டிஸ்க்கிலிருந்து பாட்டைப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். பழையதை வெளியே எடுத்துப் புதியதைச் செருக வேண்டும். எழுது என்று பட்டனை அழுத்த வேண்டும். நூறு தடவை செய்திருக்கிறாள்.

பாட்டை ஏற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். சோறு அடிபிடிக்கிற வாசனை. இறக்கி வைத்துவிட்டு நிலைப்படியில் கொஞ்சம் சாய்ந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். அது ஓட ஆரம்பித்தால் தெருவில் எல்லா வீட்டு விளக்கும் ஒரு முறை செத்துப் பிழைக்கும். கீபோர்டும் செத்துப் பிழைத்தது. அவள் கண் விழித்து உள்ளே வந்தபோது பெட்டியின் பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை என்பது விளக்கைப் பார்த்தால் தெரியாது.

புது டிஸ்க் அவள் மடியில் இருந்தது. பழையது பெட்டி வாயிலேயே இருந்தது. அதை எடுக்காமல் பெயரைத் தட்டினாள், எழுது என்று அழுத்தினாள். பெட்டி கேட்டது: இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதன் மேலேயே எழுதவா?

புது டிஸ்க்காக இருந்தால் அந்தக் கேள்வியே வராது. அந்த ஒரு கேள்வியில் அவள் விழித்திருக்க வேண்டும். விரல் போய் ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டது. தாழ் போட்டிருந்தால் அப்போதாவது பெட்டி முடியாது என்று சொல்லியிருக்கும். போன வாரம் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி எழுதச் சொன்னான் தஸ்கிம். அதற்காகத் திறந்த தாழை அவள் மறுபடி போடவில்லை.

வாசித்துப் பார்ப்போம் என்று பட்டனை அழுத்தினாள். பெட்டி வாசித்தது. சத்தமே இல்லை. திரையில் ‘முயற்சி3’ என்று பெயர் மட்டும் இருந்தது, நிமிடக் கணக்கு சுழியில் நின்றது. ஒலியைக் கூட்டினாள். ஸ்பீக்கரில் உஸ்ஸென்ற இரைச்சல்தான் வந்தது.

உள் அறையிலிருந்து தஸ்கிம் கேட்டான். “நித்தி... என்ன... சத்தமே... காணோம்?”

“ஒண்ணுமில்ல காங். வயர் லூசு.”

‘காங்’ என்று கூப்பிடும் புருஷனிடம் அவள் சொன்ன பொய்கள் அதிகமில்லை. இது வாயிலிருந்து தானாக விழுந்தது.

அன்று பகல் முழுக்க ஐம்பத்திரண்டு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எங்காவது ஒரு ‘முயற்சி3’ ஒளிந்திருக்காதா? இல்லை. பூஞ்சை பிடித்ததைக் குப்பையிலிருந்து எடுத்து, தகட்டை விலக்கி, பஞ்சால் துடைத்துப் போட்டாள். பெட்டி இரண்டு நிமிடம் முனகிவிட்டு இது டிஸ்க்கே இல்லை என்று சொல்லிற்று.

அப்போதுதான் குர்தி ஞாபகம் வந்தது. ஜாத்திபாராங்கில் இருக்கிறான், அதே ரகப் பெட்டி. தொழிலுக்கு வந்த புதிதில் தஸ்கிமிடம் வந்து பத்து டிஸ்க் காப்பி எடுத்துக்கொண்டு போனவன். அதில் பதினேழும் இருந்தது என்று தஸ்கிம் சொல்லி அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை, பல்லுக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாடகைக்கு ஆள் ஏற்றும் ஓஜெக் பைக்கின் பின்னால் மழைத்துணி போர்த்திக்கொண்டு ஜாத்திபாராங் போனாள்.

குர்தி நல்ல மாதிரி. வாசலில் உட்கார்ந்திருந்தவன் செருப்புகூடப் போடாமல் எழுந்து வந்தான். “வாங்க யாயு! மாங் எப்படி இருக்காரு? உள்ள வாங்க, நனைஞ்சிட்டீங்களே.” அவன் மனைவி சூடாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

வர்னிதி தேநீரைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

“முயற்சி மூணா? இருக்கே! தூக்கிப் போடுவனா அதை?” என்று குர்தி அலமாரியைத் திறந்தான். அவன் டிஸ்க்குகளெல்லாம் வரிசையாக, அச்சடித்த சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தன. எடுத்துச் செருகினான். இருபது விநாடி.

தாளம் வந்தது. பாஸ் வந்தது. கிட்டார் அதன் இடத்தில் நுழைந்தது. குழல் வர வேண்டிய இடம் வந்தது, போயிற்று. தாளம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

குர்தியின் முகம் மாறியது. பட்டனை அழுத்தி நிறுத்தினான்.

“யாயு... குழல் டிராக்கை நான் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“மேடையில நானே வாசிக்கிறேன்ல. உள்ள ஒரு குழல், வெளிய ஒரு குழல்னு ரெண்டும் மோதுது. அதான் வலது கை வாசிச்சதை மட்டும் எடுத்துட்டேன். எனக்குத்தான் கை இருக்கே...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “மன்னிச்சிருங்க யாயு. அப்ப மாங் நல்லா இருந்தாரு. எப்ப வேணா மறுபடி வாங்கிக்கலாம்னு நெனச்சேன்.”

“உன் மேல என்ன தப்பு குர்தி? அப்ப எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்.”

“நாளைக்கு வேணா நானே வந்து வாசிச்சுட்டுப் போறேன். சும்மா, நாலு நிமிஷந்தான?”

அவள் வேண்டாம் என்றாள். எதற்கு வேண்டாம் என்று அவளுக்கே தெரியவில்லை. குழல் இல்லாத அந்தப் பாட்டை ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்தான். திரும்பும் வழியில் மழை வலுத்தது. அழுதாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ஓஜெக்காரன் இரண்டு தடவை திரும்பி, “யாயு, தூங்கி விழுந்துடாதீங்க” என்றான்.

வீட்டில் தஸ்கிம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பல்லு... எப்படி இருக்கு?”

“பல்லு ஒண்ணுமில்ல காங். உன் குழலை அழிச்சிட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். சோறு, மோட்டார், தாழ், கேள்வி, ஆம், குர்தி. சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தஸ்கிம் அசையாமல் கேட்டான். முடிந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்புறம் அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று எழுந்து போனாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

“எதுக்கு சிரிக்கிற?”

“அதுல... ரெண்டாவது சுத்துல... ஒரு இடத்துல... தப்பா வாசிச்சிருந்தேன்.” வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. “விரல் வழுக்கிடுச்சு. அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு... விட்டேன். ஒன்றரை வருஷமா... ஒவ்வொரு கல்யாணத்துலயும்... அந்தத் தப்பு வருது. அது வர்றதுக்கு முன்னாடியே... நான் கண்ணை மூடிக்குவேன்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“நீ அவ்வளவு பாடுபட்டு... வச்சுக் காப்பாத்துற. எப்படிச் சொல்றது?” சிரிப்பு நின்றது. “அந்தத் தப்பு மட்டும் இல்ல. எனக்கு அந்தக் கையைக் கேட்டுக் கேட்டு... அலுத்துப்போச்சு நித்தி. செத்துப்போன ஒருத்தன் பக்கத்துல... தினமும் உக்கார்ற மாதிரி.”

வர்னிதி அவனைப் பார்த்தாள். அவளுக்குள் இரண்டு வருடமாக எங்கோ அமுங்கிக் கிடந்த கோபம் அப்போதுதான் மேலே வந்தது.

“அப்ப நான் எதுக்கு அரிசி வறுத்தேன்? மாசத்துக்கு மூணு தடவை வறுத்தேன்! ஒவ்வொண்ணா காப்பி எடுத்தேன்! உனக்காகன்னு நெனச்சு கண்ணு எரிய எரிய உக்காந்து கேட்டேன். ஒரு வார்த்தை, ‘போதும் விடு’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல? வாத்து விலை பத்தி அரை மணி நேரம் பேச வருது!”

“நீ... சந்தோஷமா செய்யறேன்னு...”

“சந்தோஷமா? என் மூஞ்சியப் பாரு! இது சந்தோஷமா?”

அவன் பார்த்தான். நிஜமாகவே வெகுநாள் கழித்துப் பார்ப்பவன் மாதிரி பார்த்தான். தொங்கிப்போன கண்ணிமையும், காதோரம் நரைத்த முடியும், இன்னும் ஈரம் சொட்டுகிற சட்டையும்.

“இல்ல,” என்றான்.

அவள் எழுந்து போய்த் தொப்பலாய் நனைந்த உடையை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவருக்கும் சோறு போட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு தஸ்கிம் கேட்டான், “குர்தி குடுத்த டிஸ்க்... எங்க?”

அந்தப் பகலில் அவன் செய்தது இதுதான். குழல் இல்லாத பாட்டைப் பெட்டியில் ஏற்றச் சொன்னான். வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னான். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்து, சுருதி மட்டும் பிடித்துப் பழகிய இடது கையை வலப்பக்கக் கட்டைகளின் மேல் கொண்டுபோய் வைத்தான். பாதி வேகத்தில் வாசித்துப் பதிந்துவிட்டு அப்புறம் வேகத்தை ஏற்றிவிட்டால் பெட்டி அதைச் சரியான வேகத்தில் வாசித்துவிடும். முன்பே தெரிந்த விஷயம்தான். இத்தனை நாளும் அவன் செய்யப் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இடது கைக்கு அந்த வழி தெரியவில்லை. கட்டைவிரல் போக வேண்டிய இடத்துக்குச் சுண்டுவிரல் போனது. முதல் தடவை எட்டாவது அடியிலேயே நின்றது. “மறுபடி,” என்றான். அவள் பட்டனை அழுத்தினாள். மறுபடி நின்றது. கெட்ட வார்த்தை சொன்னான், அது மட்டும் திக்காமல் வந்தது. பழைய பாட்டில் கொத்துக் கொத்தாக வரும் சின்னச் சின்ன சுரங்களையெல்லாம் விட்டுவிட்டு, நடுக்கம்பம் மாதிரி பாட்டைத் தாங்கும் சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு போனான். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ வர்னிதி சுவரில் தலையைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது மழை நின்று வெளிச்சம் சாய்ந்திருந்தது. அவள் மேல் கைலி ஒன்று போர்த்தியிருந்தது. பெட்டி அணைந்திருந்தது.

“எழுதியாச்சா?” என்று பதறி எழுந்தாள்.

“எழுதியாச்சு.”

“பழைய டிஸ்க்குலயா, புதுசுலயா? தாழ் போட்டியா?”

“ரெண்டுலயும். போட்டாச்சு. பேரு மட்டும்... மாத்திட்டேன்.”

அவள் பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். திரையில் இருந்த பெயர் ‘களைப்பு’.

வியாழக்கிழமை ஹாஜி துராக்மன் வீட்டில் மேடை ஏறுவதற்கு முன்பே நெங்சியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நெங்சி கண்ணை விரித்துக் கேட்டாள். “இடது கையாலயா? ஐயோ மாங், பொண்ணு தடுக்கி விழுந்துடாமப் பாத்துக்கங்க!” என்றாள். பத்தரை மணிக்கு மணமக்கள் வாசலுக்கு வந்தார்கள். வர்னிதி டிஸ்க்கைச் செருகினாள். பட்டனை அழுத்த விரலை நீட்டியபோது தஸ்கிம் தன் இடது கையால் அதை விலக்கிவிட்டு, தானே அழுத்தினான்.

குழல் வந்தது. பழைய குழல் மாதிரி இல்லை. இடையிடையே நின்று நின்று, படியேறும் வயசாளி மாதிரி வந்தது. சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் தாளம் மட்டும் போயிற்று, குழல் அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது. வர்னிதி கூட்டத்தைப் பார்த்தாள். யாராவது முகம் சுளிக்கிறார்களா, திரும்பிப் பார்க்கிறார்களா? ஒருவரும் இல்லை. எல்லாரும் பெண்ணின் தலையலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் அந்த இடம் வந்தபோது தஸ்கிமின் முகத்தைப் பார்த்தாள். அவன் மாப்பிள்ளையின் செருப்பைப் பார்த்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

பந்தி நேரத்தில் ஹாஜியின் அக்கா மேடைப் பக்கம் வந்தாள். “தஸ்கிம், இன்னைக்குக் குழல் நல்ல நிதானமா இருந்துச்சுப்பா. இறுக்கிக் கட்டின துணியோட பொண்ணுக்கு நடக்கத் தோதா இருந்துச்சு. போன கல்யாணத்துல என் சின்ன மக ஓடாத குறையா வந்தா,” என்று சொல்லிவிட்டு, இரண்டு தட்டு காரமான வாத்துக் குழம்பை வைத்துவிட்டுப் போனாள். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மாதம் முடிய இன்னும் எட்டுக் கல்யாணம் இருந்தது. எட்டையும் செய்தார்கள். இடையில் கிடைத்த பகல்களில் தஸ்கிம் பத்தொன்பது பாட்டை இடது கையால் மறுபடி பதிந்தான். அதற்கப்புறம் ஒரு நாள், “போதும், தோள் வலிக்குது,” என்றான். போதும் என்று அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. நூற்றுநாற்பது சிவப்புப் புள்ளியில் மிச்சமிருந்தவற்றை இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். நன்றாக இருந்ததில் முப்பதை வைத்துக்கொண்டார்கள். ஒன்றையோ இரண்டையோ கேட்டுவிட்டு, “இந்தப் பய நல்லாத்தான் வாசிச்சிருக்கான்,” என்றான் தஸ்கிம், வேறு யாரையோ சொல்வதுபோல. மற்றவற்றை வர்னிதி காப்பி எடுப்பதை நிறுத்திவிட்டாள். பூஞ்சை பிடிப்பது பிடிக்கட்டும், ஓடுவது ஓடட்டும் என்று விட்டாள்.

வேலை குறைந்ததா என்றால் பெரிதாக இல்லை. குளிப்பாட்டுவது இருக்கிறது, வலது கையை முதலில் நுழைப்பது இருக்கிறது. அடுத்த வருடம் நெங்சியின் கணவன் கடல் தாண்டி சமாரிந்தாவுக்கு வேலைக்குப் போனபோது அவளும் கூடப் போய்விட்டாள். புதிதாக வந்த பாடகி டிஸ்க் ஏறும் இருபது விநாடியில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரியாமல் தலைமுடியைச் சரி செய்துகொண்டு நிற்பாள். தஸ்கிமே மைக்கை வாங்கி, திக்கித் திக்கி ஏதாவது சொல்வான். பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கண்டாங்ஹவுரில் ஒரு கல்யாணத்தில் வயதான விருந்தாளி ஒருவர் வந்து ஒரு பழைய பாட்டைக் கேட்டார். நோட்டில் இருந்த பாட்டுதான். அந்த டிஸ்க் போன மழையில் போயிற்று.

“அது எங்ககிட்ட இல்லைங்க,” என்றாள் வர்னிதி.

“முன்ன வாசிப்பாரே?”

“முன்ன வாசிப்பாரு. இப்ப இல்ல.”

அவர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் வேறு ஏதாவது போடுங்கள் என்றார். அவள் போட்டாள். பாட்டு ஓடத் தொடங்கியதும் பெட்டிக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள். ஐந்து நிமிடப் பாட்டு அது.